இரண்டாம் தவணை

மார்ச் முதல் ஜூலை முடிய அவனுக்கு.
ஆகஸ்ட் முதல் உறைபனி விழும்வரை எனக்கு.
பீல் நகரின் தண்டவாளத்தை ஒட்டிய
நாற்பத்தோராம் இலக்கத் தோட்டத்துண்டை
இப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.
வீட்டைப் பிரிக்க ஒரு கிழமை போதுமாயிருந்தது,
இதற்கு மூன்று மாதம்.

விட்டால் திரும்பக் கிடையாது,
வரிசையில் எண்பது பேர் என்றார்
சங்கத் தலைவி மெசெர்லி.
ஆகவே குத்தகை அவன் பேரில்,
சாவி இரண்டு பேரிடமும்.

என் முறை வரும்போது
பூக்கிறதெல்லாம் பூத்து ஓய்ந்திருக்கும்.
முற்றிய பூசணி, நத்தை,
எருக்குவியலில் தக்காளிக் கொடி.

அதனால்தான் போன கோடையில்
மறுபடி பூக்கும் ஐரிஸ் பட்டியலை விரித்தேன்.
மே மாதம் ஒருமுறை,
செப்டம்பர் கடைசியில் இன்னொருமுறை.
நீலத்தில் நாற்பது இருந்தன,
மஞ்சளில் அதற்கும் மேல்.
சிவப்பென்று சொல்லிக்கொண்டவை மூன்றே மூன்று.
எனக்குச் சிவப்புத்தான் வேண்டும்.

தொழிற்சாலையில் கடிகாரத் திருகாணிகளைச் சோதிக்கும்
கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.
அச்சிட்ட சிவப்புக்குள் சிவப்பே கிடையாது.
ரோசாப் புள்ளி, மஞ்சள் புள்ளி,
நடுவே கொஞ்சம் வெறுந்தாள்.

முதலாவது செங்கல் நிறம்;
குளிர் தாங்காது என்று அடியில் பொடி எழுத்து.
அடுத்தது மாதுளந்தோல்,
மறுபூப்புக்கு உத்தரவாதமில்லை.
கடைசியின் பெயர் ஹெர்ப்ஸ்ட்க்ளுட்,
இலையுதிர்காலத் தணல்.
மலையடி மூடுபனியிலும் பூக்கும் என்றார்கள்,
முதல் பூ வாடியதும் தண்டை அடியோடு வெட்டி
ஜூனில் எலும்புத்தூள் இட்டு
வெயில் நாளில் தண்ணீர் விட்டால்.

ஜூன் அவனுடையது.
ஜூலையும்.

மூன்று தரம் எழுதி அழித்தேன்.
சற்குணன், உன் முறையில்
என் செடிக்குத் தண்ணீர் விடு என்றா எழுதுவது?
ஏழு வருடத்தில் ஜன்னலோரச் சாடிக்கு
ஒரு சொட்டு விட்டவனில்லை.

கிழங்கை மட்டும் நட்டேன்.
குளத்தில் கிடக்கும் எருமைபோல
முதுகு வெளியே தெரிய.
அவன் வெங்காயப் பாத்திக்கு எட்டாமல்,
பெயர் அட்டை இல்லாமல்.

மே மாதம் சோலோதூர்ன் ரயிலில் ஒருக்கா போனேன்.
அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.
இரண்டு வினாடி.
கறுப்பாக ஏதோ நின்றது தோட்டத்தில்.
பூவோ, அவன் காயப்போட்ட சட்டையோ.

ஆகஸ்ட் முதலாம் தேதி கேற்றைத் திறந்தேன்.
தண்டு அடியோடு வெட்டியிருந்தது, சாய்வாக,
தண்ணீர் தங்காதபடி.
கொட்டகை அலமாரியில் பாதி தீர்ந்த எலும்புத்தூள் பொதி,
வாயில் துணிக் கிளிப்.
கடிதம் ஏதும் இருக்கிறதா என்று
பொதிக்கு அடியிலும் பார்த்தேன், ஏன் பொய் சொல்வான்.

செப்டம்பர் போயிற்று. இலை, இலை.

அக்டோபர் ஒன்பது.
மூடுபனி விலகப் பதினொரு மணியானது.
ஒரு தண்டு, மூன்று மொட்டு, ஒன்று திறந்திருந்தது.

சிவப்பில்லை.
செம்பரத்தை இல்லை, பழுத்த மிளகாயும் இல்லை.
கண்ணாடிக் குவளையில் வெயில் பட்ட பிளேன்ரீ.
துவர் என்றொரு சொல் இருக்கிறது நம்மிடம்,
நிறத்துக்கும் நாக்குக்கும் அது ஒன்றுதான்.
குந்தியிருந்து
வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து மெசெர்லி கேட்டார்:
சிவப்பா?
ஓம், என்றேன்.

படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

இன்றிரவு மைனஸ் இரண்டாம்.
இன்னும் இரண்டு மொட்டு மூடிக் கிடக்கிறது.
கொட்டகை ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து
மெல்லப் போர்த்திவிட்டேன்.

கறுப்புத்தான், அந்தச் சட்டை.